சோங்கிரான் என்றால் தண்ணீர்த் துப்பாக்கி மட்டும்தானா? வகுப்பில் தாய்லாந்துத் திருவிழாக்கள்

சிலோம் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாங்காக்கில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 24 பிள்ளைகள். பாதிப் பேர் தாய்லாந்துப் பிள்ளைகள். மற்றவர்கள் இந்தியா, ஜப்பான், கொரியா, மியன்மாரிலிருந்து வேலைக்காக வந்த குடும்பங்கள். தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. இந்தப் பருவத்தில் தாய்லாந்துத் திருவிழாக்கள் பாடம். புத்தகத்தில் நாலு பக்கம்தான் இருக்கிறது. மீதியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் ஒரு வேலை கொடுத்தேன்: சோங்கிரான் பற்றித் தேடி ஐந்து செய்திகள் எழுதி வாருங்கள். 24 நோட்டிலும் கிட்டத்தட்ட ஒரே ஐந்து. ஏப்ரல் 13 முதல் 15 வரை. தாய் புத்தாண்டு. தண்ணீர்த் துப்பாக்கி. காவ் சான் சாலை. சிலோம் சாலை. படங்களும் அதேதான், நனைந்த வெளிநாட்டுப் பயணிகள்.

ஒரு பிள்ளை மட்டும் நோட்டைக் காட்டத் தயங்கினாள். வடக்கே லாம்பாங் பக்கத்துக் குடும்பம். ஏன் என்று கேட்டேன். "டீச்சர், நானும் இதையேதான் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் பாட்டி வீட்டில் இப்படி இல்லை. பாட்டிக்கு முன்னால் மண்டியிட்டு உட்காருவோம். வெள்ளிக் கிண்ணத்தில் வாசனைத் தண்ணீர் இருக்கும். இணையத்தில் அது வரவில்லை, அதனால் எழுதவில்லை" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தன் வீட்டில் கண்ணால் பார்த்ததை ஒரு பிள்ளை அழித்துவிட்டு, திரையில் வந்ததை எழுதியிருக்கிறாள். அதை எழுத வைத்தது நான் கொடுத்த வேலை. இணையத்தை விட்டுவிட முடியாது, வேறு வழியும் இல்லை. எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? தாய்லாந்தில் இருப்பவர்கள், பாடம் எடுப்பவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

டீச்சர், தேடுபொறி அதிகம் பேர் பார்ப்பதைத்தான் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். சுற்றுலா விளம்பரம் முதல் பக்கம் முழுக்க நிற்கும். "தேடி வா" என்பதை நான் விட்டுப் பல வருடம் ஆயிற்று. எங்கே போக வேண்டும் என்று நானே சொல்லி அனுப்புவேன்.

சோங்கிரானுக்கு முதல் இடம் யுனெஸ்கோவின் மரபுரிமைத் தளம். 2023 டிசம்பரில் சோங்கிரானை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே படங்களும் ஒரு வீடியோவும் இருக்கின்றன. விளக்கம் அதிகாரிகளின் மொழியில் இருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஆகாது. அதனால் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓட்டுங்கள். மூன்று நிமிடம் போதும். பிறகு ஒரே கேள்வி: "யார் யாருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? உடம்பில் எந்த இடத்தில்?" பிள்ளைகள் கண்ணைத் தீட்டிக்கொண்டு பார்ப்பார்கள். புத்தர் சிலைக்கு ஊற்றுகிறார்கள், பெரியவர்களின் உள்ளங்கையில் ஊற்றுகிறார்கள், தெருவில் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றுகிறார்கள். மூன்றும் தண்ணீர்தான், ஆனால் மூன்றும் ஒன்றில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

என் பாடத்துக்கும் இதில் இடம் உண்டு. சோங்கிரானுக்கு ஏழு தேவதைகள், கிழமைக்கு ஒருத்தி. சோங்கிரான் நாள் எந்தக் கிழமையில் விழுகிறதோ அந்தத் தேவதைக்குத்தான் அந்த ஆண்டு. ஒவ்வொருத்திக்கும் தனி வாகனம். 2024-இல் சனிக்கிழமை, மகோதோன் தேவி, மயில். 2025-இல் ஞாயிறு, துங்சா தேவி, கருடன். ஒவ்வோர் ஆண்டும் தாய்லாந்து பண்பாட்டு அமைச்சகம் அந்த ஆண்டின் தேவதைப் படத்தை வெளியிடும். பழைய ஆண்டுகளின் படங்களைத் தேடி எடுத்து, வாகனத்தைப் பார்த்துக் கிழமையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் பன்றியும் கழுதையும் வந்த ஆண்டுகளுக்கு அப்படி ஒரு கொண்டாட்டம்.

சிலோம் டீச்சர் எழுதியது:

ஏழு தேவதைகள் என்று படித்திருக்கிறேன், கதை முழுதாகத் தெரியாது. யாராவது சொல்வீர்களா?

ஆற்றங்கரை எழுதியது:

நான் சொல்கிறேன். பாங்காக்கின் வாட் போ கோயிலில் கல்லில் பொறித்து வைத்திருக்கும் கதை இது.

தம்மபாலன் என்று ஒரு சிறுவன். பறவைகளின் மொழி தெரிந்தவன், மெத்தப் படித்தவன். கபில பிரம்மன் வானிலிருந்து இறங்கி வந்து ஒரு விடுகதை போடுகிறார். மனிதனின் ஒளி காலையில் எங்கே இருக்கிறது, நண்பகலில் எங்கே, மாலையில் எங்கே? ஏழு நாள் கெடு. விடை தெரியாவிட்டால் சிறுவனின் தலை போகும், சொல்லிவிட்டால் பிரம்மனின் தலை. ஆறு நாளாகியும் விடை தெரியவில்லை. பனை மரத்தடியில் சோர்ந்து படுத்திருக்கிறான். மேலே இரண்டு கழுகுகள். நாளைக்கு என்ன தின்னலாம் என்று பெண் கழுகு கேட்கிறது. இந்தப் பையனைத்தான், விடை தெரியாமல் சாகப்போகிறான் என்கிறது ஆண் கழுகு. அப்படி என்ன விடை என்று அது கேட்க, இது சொல்லிவிடுகிறது. காலையில் முகத்தில், அதனால்தான் முகம் கழுவுகிறார்கள். நண்பகலில் மார்பில், அதனால்தான் அங்கே வாசனை பூசுகிறார்கள். மாலையில் பாதத்தில், அதனால்தான் கால் கழுவுகிறார்கள்.

தோற்ற பிரம்மன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் அவர் தலை மண்ணில் விழுந்தால் உலகம் தீப்பற்றும், காற்றில் எறிந்தால் மழை பொய்க்கும், கடலில் விழுந்தால் கடல் வற்றும். அதனால் ஏழு மகள்களும் அதைத் தட்டில் ஏந்திக் கைலாசக் குகையில் வைக்கிறார்கள். வருடத்துக்கு ஒருத்தியாக அதை எடுத்து ஊர்வலம் வருகிறார்கள். அந்த ஊர்வல நாள்தான் சோங்கிரான்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அம்மா. கார்ட்டூன் வீடியோக்கள் இணையத்தில் இருக்கின்றன. அவற்றைப் போட்டுவிடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். படத்தைப் பிறகு காட்டலாம்.

சியாங்மாய்வாசி எழுதியது:

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு நேர்ந்திருப்பது இன்னும் மோசம். 'யீ பெங்' என்று தட்டினால் ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒரே நேரத்தில் வானத்தில் ஏறும் படம் வரும். அவற்றில் பெரும்பாலானவை நகரத்துக்கு வெளியே டிக்கெட் விற்று நடத்தும் நிகழ்ச்சிகளில் எடுத்தவை. சியாங்மாயில் ஒரு சாதாரண வீட்டில் அந்த நாள் எப்படிப் போகிறது என்பதை அந்தப் படம் காட்டாது.

இங்கே வீட்டு வாசலில் கோம் என்னும் காகித விளக்குகளைத் தொங்கவிடுவோம். வாசலுக்குத் தென்னங்கீற்றும் வாழை மரமும் வைத்துத் தோரணம் கட்டுவோம். திண்ணை விளிம்பில், மதில் மேல், படிக்கட்டில் 'பாங் பிரதீப்' என்று சின்ன மண் விளக்குகளை வரிசையாக ஏற்றுவோம். நம் அகல் விளக்கு மாதிரியேதான், சொல்லும் நமக்குத் தெரிந்த பிரதீபம். இந்தப் படத்தைத் தேடினால்தான் கிடைக்கும், தானாக முன்னால் வராது.

இன்னொரு குழப்பம். யீ பெங்கும், வாழைத்தண்டுத் தெப்பத்தில் விளக்கேற்றி ஆற்றில் விடும் லோய் கிராத்தோங்கும் ஒன்று என்றே பல தளங்கள் எழுதுகின்றன. ஒரே பௌர்ணமியில் வருகின்றன, ஆனால் இரண்டு மரபுகள். வடக்கே லான்னா நாட்காட்டி இரண்டு மாதம் முன்னால் போகும். மத்தியப் பகுதிக்கு அது பன்னிரண்டாம் மாதம், எங்களுக்கு இரண்டாம் மாதம். யீ என்றால் இரண்டு, பெங் என்றால் முழுநிலா. பேரிலேயே கணக்கு இருக்கிறது.

பறக்கும் விளக்கால் என்ன ஆகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த இரவுகளில் சியாங்மாய் விமானங்களை ரத்து செய்கிறார்கள், நேரம் மாற்றுகிறார்கள். விளக்கு கூரையில் விழுந்து வீடு பற்றியிருக்கிறது. எங்கள் தெருவில் நானே வாளியோடு ஓடியிருக்கிறேன். அழகான படத்துக்கு அடியில் இதுவும் உண்டு என்று தெரிந்து வளரட்டும்.

கைபேசி ஆசிரியை எழுதியது:

படத்தை வைத்து மூலத்தைத் தேடும் வசதியை என் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். அவர்கள் ஏழாம் வகுப்பு. படத்தை ஏற்றினால் அது முதலில் எங்கே வந்தது, எந்த ஊர் என்று பெரும்பாலும் கிடைத்துவிடும். 'சோங்கிரான்' என்று போட்டிருந்த ஒரு படம் மியன்மாரின் புத்தாண்டு விழாவான திஞ்ஜான் என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். அவன் மியன்மார்க்காரன், பேருந்தின் மேல் எழுதியிருந்த எழுத்தைப் படித்துவிட்டான். அதிலிருந்து பேச்சு வளர்ந்து லாவோஸ், கம்போடியா எல்லாம் அதே நாட்களில்தான் புத்தாண்டு கொண்டாடுகின்றன என்பதில் போய் நின்றது. நான் திட்டமிடாத பாடம்.

படங்களை எடுக்கும்போது விக்கிமீடியா காமன்ஸ் என்னும் இலவசப் படத் தொகுப்பில் எடுங்கள். யார் எடுத்தார், என்ன உரிமம் என்று கீழே இருக்கும். எடுத்தவரின் பெயரைச் சுவரொட்டியில் எழுதும் பழக்கத்தை இந்த வயதிலேயே கொண்டுவரலாம்.

வாழைப்பட்டை எழுதியது:

எல்லோரும் திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. லோய் கிராத்தோங் என்பது கையால் செய்கிற விழா. வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, இலையைக் கூம்பு கூம்பாக மடித்து, ஊசி குத்தி, பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் செருகி ஆற்றில் விட வேண்டும். கங்கைத் தாயிடம் மன்னிப்புக் கேட்கிற விழா. 'ப்ரா மே கோங்கா' என்றுதான் தாய் மக்கள் சொல்கிறார்கள், கோங்கா நம் கங்கைதான். ஒரு வருடம் முழுக்கத் தண்ணீரை எடுத்தோம், அழுக்காக்கினோம், பொறுத்துக்கொள் தாயே என்பது வேண்டுதல். இதை வீடியோவில் பார்த்து என்ன ஆகப்போகிறது? வாழை மரம் இல்லாத ஊரா பாங்காக்?

கைபேசி ஆசிரியை எழுதியது:

அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த வேண்டுதலை வைத்தே யோசியுங்கள். 2023-இல் ஒரே இரவில் பாங்காக் மாநகராட்சி ஆற்றிலும் குளங்களிலும் வாரி எடுத்த கிராத்தோங்குகள் 6 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி வாழையும் இலையும்தான், நுரைப் பிளாஸ்டிக் வெகுவாகக் குறைந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் 6 லட்சம் வாழைத்தண்டும் குண்டூசியும் தண்ணீரில் கிடந்தால்? மீன் தின்னட்டும் என்று ரொட்டியில் செய்தார்கள். மீன் இல்லாத குளத்தில் அது ஊறி அழுகித் தண்ணீரையே கெடுத்தது. இப்போது பிள்ளைகள் வரைந்த படத்தை ஒளியாகத் தண்ணீர் மேல் விழச் செய்யும் கிராத்தோங்கும் வந்துவிட்டது. தாயிடம் மன்னிப்புக் கேட்பவர் தாயின் மடியில் குப்பை போடாமல் கேட்பது மரபுக்கு விரோதமா?

வாழைப்பட்டை எழுதியது:

விரோதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒளியில் வாசனை இல்லையே, தங்கச்சி. நறுக்கிய வாழைத்தண்டின் பிசுபிசுப்பும் கறையும் கையில் படாமல் அந்த விழா எனக்குப் புரிந்திருக்காது. ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று விடலாம், ஒரு வகுப்புக்கு ஒன்று என்று விடலாம். மறுநாள் காலையில் போய் அதே பிள்ளைகள் அதை எடுத்துவரட்டும். எடுப்பதும் விழாவில் சேரட்டும்.

சிலோம் டீச்சர் எழுதியது:

வகுப்புக்கு ஒன்று. எடுத்துக்கொண்டேன் அக்கா. நவம்பரில் செய்கிறேன்.

ஆற்றங்கரை எழுதியது:

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால், லோய் கிராத்தோங்கை வைத்து இணையத்தில் எதை நம்புவது என்பதையே பாடமாக்கலாம்.

பழைய தலைநகரான சுகோத்தாயின் அரசவையில் நோப்பமாஸ் என்ற பெண் முதல் கிராத்தோங்கைத் தாமரை வடிவில் செய்தாள் என்று எல்லாத் தளங்களும் எழுதுகின்றன. அவள் பேரில் அழகிப் போட்டியே நடக்கிறது. ஆனால் அவள் கதையைச் சொல்லும் நூலை ஆராய்ந்த தாய்லாந்து வரலாற்றறிஞர் இளவரசர் தம்ரோங், அது சுகோத்தாய் காலத்தது இல்லை, பாங்காக் காலத்தின் முற்பகுதியில் எழுதியது என்று கருதினார். மொழிநடை பிற்காலத்தது. அதில் அமெரிக்கர்களைப் பற்றிய பேச்சே வருகிறது. சுகோத்தாய் அரசவைக்கு அமெரிக்கர் எப்படித் தெரிவார் என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும்.

அடுத்து சுகோத்தாய் மன்னர் ராம் காம்ஹெங்கின் கல்வெட்டு, 1292. இளவரசி சிரிந்தோர்ன் மானுடவியல் மையம் தாய்லாந்துக் கல்வெட்டுகளை இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. கல்லின் படமும் வாசகமும் அங்கே கிடைக்கும். மழைக்காலத் தவம் முடிந்து, துறவிகளுக்கு ஆடை கொடுக்கும் கதின விழாவில் சுகோத்தாய் மக்கள் ஊர்வலமாகத் திரும்புவதையும், நாலு வாசல் வழியாகக் கூட்டம் முண்டியடித்து நுழைந்து மெழுகுவத்தி எரிப்பதையும் வாணவேடிக்கையையும் பார்ப்பதையும் அது சொல்கிறது. விளையாட விரும்புகிறவர் விளையாடுகிறார், சிரிக்க விரும்புகிறவர் சிரிக்கிறார் என்று அதில் வரும் வரி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் லோய் கிராத்தோங் என்ற சொல் அதில் இல்லை. அந்தக் கல்வெட்டின் காலத்தைப் பற்றியே அறிஞர்கள் மோதிக்கொண்டதும் உண்டு.

ஒரு தளம் சொல்கிற கதை, ஒரு நூல், ஒரு கல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். விழாவின் அழகு இதனால் ஒரு சொட்டும் குறையாது.

மார்கழி எழுதியது:

தமிழ்ப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பதாகச் சொன்னீர்கள், டீச்சர். அவர்களைச் சாவ் சிங் சா பற்றித் தேட வையுங்கள். பாங்காக்கில் வாட் சுதாட் கோயில் முன்னால் நிற்கும் சிவப்பு நிறப் பெரிய ஊஞ்சல் கம்பம், 21 மீட்டருக்கு மேல் உயரம். மன்னர் முதலாம் ராமா 1784-இல் வைத்தது, இப்போதைய தேக்கு மரங்கள் 2007-இல் மாற்றியவை. சில நிமிட நடையில் தேவஸ்தான் என்னும் பிராமணர் கோயில்.

அந்த ஊஞ்சலில் ஒரு காலத்தில் ஆட்கள் நின்று உந்தி ஆடி, மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிட்ட பணப்பையைப் பல்லால் கவ்வ முயல்வார்கள். 1935-இல் ஊஞ்சல் ஆட்டம் நின்றுவிட்டது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இணையத்தில் இருக்கின்றன. அந்தச் சடங்கின் பெயர் 'திரியம்பவாய், திரிபவாய்'. சத்தம் போட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று. நம் மார்கழியை ஒட்டித்தான் அதுவும் வருகிறது. ஊஞ்சல் நின்றாலும் கோயிலுக்குள் பிராமணர்கள் அந்தச் சடங்கை இன்றும் நடத்துகிறார்கள். தமிழறிஞர் தனிநாயக அடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா மார்கழிக் காலையில் பாடின பாட்டின் பெயர், கடல் தாண்டி இத்தனை நூற்றாண்டு நிற்கிறது.

கணக்கு வாத்தியார் எழுதியது:

அருமையான செய்தி. ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன், மனத்தாங்கல் வேண்டாம். இதைக் கேட்டதும் நம் பிள்ளைகள் "எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள், பெற்றோரும் சேர்ந்துகொள்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்லாந்துப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? சோங்கிரான் என்ற சொல் சங்கராந்திதான், சூரியன் மேஷத்துக்குள் போகிற அதே கணக்குதான் நமக்கும் சித்திரை. ஆனால் கோயில் முற்றத்தில் மணலால் சின்னச் சின்ன ஸ்தூபி கட்டுவது அவர்களுடையது. வருடம் முழுக்கக் காலில் ஒட்டிப் போன கோயில் மண்ணைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம். அரசாங்கப் புத்தாண்டை 1889-இல் ஏப்ரல் 1-க்கும், 1941-இல் ஜனவரி 1-க்கும் மாற்றிய பிறகும் சோங்கிரானை விடாமல் வைத்துக்கொண்டதும் அவர்கள்தான்.

மார்கழி எழுதியது:

மனத்தாங்கல் இல்லை ஐயா. சரியாகச் சொன்னீர்கள். உறவு என்று சொல்லித் தருவோம், உரிமை கொண்டாட வேண்டாம்.

இசான் மருமகள் எழுதியது:

தாமதமாக வந்திருக்கிறேன். என் கணவர் வடகிழக்கில் லோய் மாகாணத்தவர். லோய் கிராத்தோங்கின் லோய்க்கும் ஊர்ப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை, தமிழில் எழுதும்போது மட்டும் ஒன்றாகிவிடுகிறது. அங்கே டான் சாய் என்னும் ஊரில் 'பி தா கோன்' என்னும் முகமூடி விழா நடக்கும். இணையம் முழுக்க அதைத் தாய்லாந்தின் ஹாலோவீன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அது 'புன் லுவாங்' என்ற மூன்று நாள் புண்ணிய விழாவின் ஒரு பகுதி. முதல் நாள் விடியுமுன் மான் ஆற்றுக்குப் போய், வெள்ளைக் கல்லாக உபகுப்தர் என்னும் பௌத்தத் துறவியை வரவேற்று அழைத்துவருவார்கள், விழாவுக்குக் காவலாக. கடைசியில் வாட் போன் சாய் கோயிலில் வெஸ்ஸந்தர ஜாதகத்தின் 13 அத்தியாயங்களையும் துறவிகள் ஓதுவார்கள். வெஸ்ஸந்தரர் புத்தரின் முற்பிறவி, கேட்டதையெல்லாம் கொடுத்துவிடும் இளவரசர், கடைசியில் பெற்ற பிள்ளைகளையும் கொடுத்துவிட்டவர். அவர் காட்டிலிருந்து நகரத்துக்குத் திரும்பியபோது ஊர் மக்களோடு ஆவிகளும் மகிழ்ச்சியில் கூடவே வந்தன என்பது ஊர் நம்பிக்கை. அந்த ஆவிகள்தான் முகமூடி போட்டவர்கள். பயமுறுத்த வரவில்லை, வழியனுப்பி வைக்க வந்தவை.

முகமூடியைப் பாருங்கள். தலையில் கூடை மாதிரி இருப்பது ஒட்டரிசி அவிக்கும் மூங்கில் கூடை, 'ஹுவாட்' என்பார்கள். முகம் தென்னை மட்டையின் அடிப்பகுதியில் செதுக்கியது. உடுப்பு கிழிந்த பழந்துணி. இடுப்பில் மாட்டு மணி. எல்லாம் சமையலறையிலும் கொல்லையிலும் கிடப்பவை. இதை ஒரு பிள்ளைக்குக் காட்டினால் போதும், ஹாலோவீன் என்று சொல்லத் தோன்றாது.

நான் பட்ட ஒரு பாட்டையும் சொல்கிறேன். வேறு ஊரில் பாடம் எடுத்தபோது, ஒரு பயணத் தளத்தில் போட்டிருந்த தேதியை நம்பி, நேரலையில் பார்க்கலாம் என்று மூன்று வகுப்பைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. அது போன வருடத்துத் தேதி. பி தா கோனுக்கு நிலையான தேதி கிடையாது. ஊரின் ஆவி வழிபாட்டுத் தலைவரான சாவ் போ குவான்தான் ஒவ்வோர் ஆண்டும் நாளைச் சொல்வார். ஜூன், ஜூலை வாக்கில் வரும், அவ்வளவுதான் முன்கூட்டித் தெரியும். டான் சாயில் எங்களுக்குத் தெரிந்த மளிகைக் கடை அம்மாவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தேன். "நாளைக் குறிக்க வேண்டியவர் இன்னும் குறிக்கவில்லை, கண்ணு" என்றார். பிள்ளைகள் அன்றைக்குக் கற்றது அந்த ஒரு வாக்கியத்தைத்தான், வேறு எந்த வீடியோவும் அதைச் சொல்லித் தந்திருக்காது.

கைபேசி ஆசிரியை எழுதியது:

இயந்திர மொழிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும். சோங்கிரானில் பெரியவர்களுக்குச் செய்யும் 'ராட் நாம் தம் ஹுவா' என்பதைப் போட்டால் 'கறுப்புத் தலைக்கு நீர் ஊற்றுதல்' என்று எனக்கு வந்தது. தம் என்றால் கறுப்பு என்றும் பொருள் உண்டு. பிள்ளைகள் நரைத்த தலையைக் கறுப்பாக்கும் சடங்கு என்று எழுதிவிட்டார்கள்.

சியாங்மாய்வாசி எழுதியது:

ஐயோ, அது எங்கள் வடக்கத்திப் பேச்சு. தம் ஹுவா என்றால் தலைக்குக் குளிப்பது. சோம்போய் என்று ஒரு காய். நெருப்பில் வாட்டித் தண்ணீரில் போட்டால் மணக்கும். அந்தத் தண்ணீரைப் பெரியவர்களிடம் நீட்டுவோம், அவர்கள் கையை நனைத்துத் தங்கள் தலையில் தடவிக்கொண்டு நம்மை வாழ்த்துவார்கள். வருடத்தின் பீடையைத் தலைமுழுகுவது. லாம்பாங் பாட்டியின் வெள்ளிக் கிண்ணத்தில் இருந்த வாசனைத் தண்ணீர் அதுவாகத்தான் இருக்கும்.

சிலோம் டீச்சர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இந்த முறை தலைப்பு கொடுக்கவில்லை, குழுவுக்கு ஒரு பொருள் கொடுத்தேன். ஒட்டரிசிக் கூடை, வாழைத்தண்டு, மண் விளக்கு, ஒரு பிடி மணல், வெள்ளிக் கிண்ணம். இந்தப் பொருள் எந்த விழாவில், யார் கையில் இருக்கிறது? முதலில் தெரிந்தவரிடம் கேள், பிறகு இணையத்தில் தேடு, இரண்டும் ஒத்துவராத இடத்தைச் சிவப்பில் எழுது. சிவப்பு மையில் எழுதிய வரிகள்தான் வகுப்பில் அதிக நேரம் பேச்சானது.

லாம்பாங் பாட்டியை லைன் செயலியில் வீடியோ அழைப்பில் கூப்பிட்டோம். பேத்தி 'மே உய்' என்று கூப்பிட்டதும் திரை முழுக்கப் பாட்டியின் நெற்றிதான் தெரிந்தது, போனை அவ்வளவு பக்கத்தில் பிடித்திருந்தார். பிறகு யாரோ பின்னாலிருந்து போனை வாங்கிப் பிடித்தார்கள். ஒரு கொத்து காய்ந்த காயை எடுத்துக் காட்டினார். சோம்போய். என் வகுப்பில் இருக்கும் மதுரைப் பையன் எழுந்து நின்றுவிட்டான். "டீச்சர், சீயக்காய்! எங்கள் ஆச்சி ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தேய்ப்பாங்க!" என்றான். பார்த்தால் அதே செடிதான். பேத்தி அதைப் பாட்டிக்குத் தாய் மொழியில் சொன்னாள். அவன் பாட்டி இன்னும் இருக்கிறாரா என்று மே உய் கேட்டார். இருக்கிறார் என்றான். சோங்கிரானுக்கு அவருக்கும் தண்ணீர் கொடு என்றார். அவனுக்கு அவர் கை நீட்டி வாழ்த்துச் சொன்னபோது பேத்தி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தாள். முதல் நாள் நோட்டைக் காட்டத் தயங்கியவள் அவள்தான்.

இனி ஒரு உதவி வேண்டும். செப்டம்பர் வாக்கில் தெற்கே நகோன் சி தம்மராத்தில் பத்தாம் மாத சார்த் வருகிறது, முன்னோர்களுக்கான நாட்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் யாரையும் எனக்குத் தெரியாது. யாராவது இருக்கிறீர்களா?

தெற்கத்தி எழுதியது:

இத்தனை நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன். என் மாமியார் நகோன் சி தம்மராத்தில்தான் இருக்கிறார். சார்த் சமயத்தில் 'கனோம் லா' என்னும் பலகாரத்தை அவர் கையால்தான் செய்வார். மாவை ஓட்டைச் சிரட்டையில் ஊற்றி, சூடான சட்டிமேல் ஆட்டி ஆட்டி நூல் நூலாக விடுவார், வலை மாதிரி வரும். பசித்த முன்னோர்களுக்கு வாய் ஊசித் துளை அளவுதான், அதனால்தான் இவ்வளவு மெல்லிய நூல் என்பார். பேசச் சொல்லியாயிற்று, சரி என்றுவிட்டார். ஆனால் இரண்டு விஷயம் கேட்கச் சொன்னார்: பிள்ளைகள் எத்தனை பேர், கடைக்குப் போய்ச் சட்டி வாங்க ஆள் உண்டா? அழைப்பில் அவர் செய்யும்போது நீங்களும் அங்கே செய்ய வேண்டுமாம். மாவு அளவு அவர் சொல்லி நான் எழுதி அனுப்புகிறேன்.

சிலோம் டீச்சர் எழுதியது:

24 பிள்ளைகள். சட்டி நாளைக்கே வாங்குகிறேன். சிரட்டையில் எத்தனை ஓட்டை என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.